மாத்திரை எடுக்கும் மாமனாருக்கு முற்பகலில் சர்க்கரை இறங்குகிறது: உணவை மாற்றுவதா, மருந்தை மாற்றுவதா?

கேள்வி: கன்னங்குறிச்சி வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் மாமனாருக்கு வயது 69. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் மாமியாருடன் அங்கேயே வசிக்கிறார். நாங்கள் கீழே சேலத்தில் இருக்கிறோம். அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. கிளைமெபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் ஆகிய மூன்று மருந்துகளும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் எடுத்துக்கொள்கிறார். இன்சுலின் ஊசி இல்லை. அண்மையில் பார்த்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.2 சதவீதம் என்று வந்ததில் அவருக்கு மிகுந்த பெருமை.

அவர் காலை ஆறரை மணிக்கே மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சர்க்கரை இல்லாத காப்பியைக் குடித்துவிட்டு, தோட்டத்து மேட்டில் ஏறி இறங்கி நடக்கிறார். திரும்பி வந்து குளித்துச் சாப்பிட ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிடும். சாப்பாடும் பெரும்பாலும் ஜவ்வரிசிக் கஞ்சி, அல்லது இரண்டு இட்லி. சில வாரங்களாக, நடை முடிந்து வரும்போதோ முற்பகல் பதினொரு மணி வாக்கிலோ, அந்தக் குளிரிலும் அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கை நடுங்குகிறது. காரணமே இல்லாமல் மாமியார் மீது எரிந்து விழுகிறார். அண்மையில் அப்படி ஆனபோது குளுக்கோமீட்டரில் பார்த்ததில் 58 இருந்தது. உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தும் 66 தான் காட்டியது.

தினமும் நடுவில் ஓர் இனிப்பு சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். மாத்திரையையே நிறுத்திவிடலாம் என்கிறார் உறவினர் ஒருவர். எதைச் செய்வது, எந்த உணவை எப்போது கொடுப்பது, மருத்துவரிடம் போகும்போது என்ன கேட்பது என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், அஸ்தம்பட்டி

வணக்கம் அம்மா. நீங்கள் எழுதியதில் இரண்டு செய்திகள் என் கண்ணில் பட்டன. ஒன்று, மாத்திரைக்கும் உணவுக்கும் நடுவே உள்ள இரண்டரை மணி நேர இடைவெளி. மற்றொன்று, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தும் அளவு ஏறாமல் இருந்தது. இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இன்றைக்கே தெரிந்திருக்க வேண்டியது.

உங்கள் மாமனாரின் மாத்திரையில் வோக்லிபோஸ் இருக்கிறது. நாம் உண்ணும் மாவுச்சத்தும் சர்க்கரையும் குடலில் உடைந்து குளுக்கோஸாக மாறும் வேலையைத் தாமதப்படுத்துவதுதான் அந்த மருந்தின் தொழில். வீட்டில் புழங்கும் வெள்ளைச் சர்க்கரை, நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கற்கண்டு எல்லாமே பெரும்பாலும் சுக்ரோஸ் என்ற இரட்டைச் சர்க்கரைதான். உடைந்தால்தான் இரத்தத்தில் சேரும். அதனால் வோக்லிபோஸோ, அதே வகையைச் சேர்ந்த அகார்போஸோ எடுப்பவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் அது மெதுவாகவே வேலை செய்யும். அவருக்குத் தர வேண்டியது நேரடியான குளுக்கோஸ். மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடியில் 15 கிராம் அளவு, அதாவது மூன்று முதல் நான்கு தேக்கரண்டி, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பொட்டலத்தில் டெக்ஸ்ட்ரோஸ் அல்லது குளுக்கோஸ் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சுவையூட்டிய பானப் பொடிகள் சிலவற்றில் சாதாரணச் சர்க்கரையும் கலந்திருக்கும். குளுக்கோஸ் கைவசம் இல்லாத நேரத்தில் தேன் ஒரு மேசைக்கரண்டி கொடுக்கலாம். தேனில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஏற்கெனவே தனித்தனியாக இருப்பதால், அதைச் செரிக்க அந்த உடைக்கும் வேலை தேவைப்படுவதில்லை. மலையில் இருப்பவர்களுக்குத் தேனுக்குப் பஞ்சமில்லை என்று நினைக்கிறேன்.

கொடுத்த பின் 15 நிமிடம் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். 70க்குக் கீழேயே இருந்தால் அதே அளவு இன்னொரு முறை கொடுக்க வேண்டும். பதற்றத்தில் ஒரேயடியாக அள்ளிக் கொடுத்தால் மதியம் 300க்குப் போய் நிற்கும். அளவு ஏறிய பிறகு அடுத்த வேளை உணவுக்கு நேரம் இருக்குமானால், இட்லி, சுண்டல், ரொட்டி போன்ற ஏதாவது சிற்றுணவு கொடுக்க வேண்டும். சாக்லேட், அல்வா, பால்கோவா ஆகியவை அந்த நேரத்துக்கு உதவாது. அவற்றில் உள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும்.

மயங்கிவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, விழுங்க முடியாத அளவுக்குக் குழம்பியிருந்தாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். ஏற்காட்டிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. சேலத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று மலை இறங்குவதில் நேரத்தைக் கடத்தாமல், முதல் சிகிச்சையை அங்கேயே கொடுக்கச் செய்யுங்கள். நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் கண் விழிப்பார்கள். விழித்ததும் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடாதீர்கள். கிளைமெபிரைடு உடலில் இருக்கும்வரை சர்க்கரை மறுபடி இறங்கும் என்பதால் ஒரு நாளாவது கண்காணிப்பில் இருக்க வேண்டும். விழித்த உடனே வீட்டுக்குப் போக அவசரப்பட்டவர்களோடு நான் பணிக்காலம் முழுவதும் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

இன்னொரு சிறு செய்தி. குளுக்கோமீட்டரில் பார்க்கும் முன் கையைக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். ஆரஞ்சு உரித்த விரலில் குத்தினால், உண்மையில் 60 இருக்கும்போதும் 110 என்று காட்டக்கூடும். அந்த மலைப் பனியில் ஸ்டிரிப் டப்பாவின் மூடி திறந்து கிடந்தால் ஸ்டிரிப்புகளும் ஈரம் பாய்ந்து கெட்டுப்போகும்; குளுக்கோஸ் பொடியும் கட்டிதட்டிவிடும். இரண்டையும் இறுக மூடி வைக்க வேண்டும்.

பதில்: நாகலூர்த் தோட்டக்காரர்

நானும் ஏற்காட்டுக்காரன், நானும் சர்க்கரை நோயாளி. உங்கள் மாமனாருடைய நடையை நிறுத்திவிடாதீர்கள். நேரத்தை மட்டும் மாற்றுங்கள். சமதளத்தில் நடப்பதற்கும் இந்த மேட்டில் ஏறுவதற்கும் தசை செலவழிக்கும் சர்க்கரையில் பெரிய வேறுபாடு உண்டு. அதோடு, உழைத்து முடித்த பிறகும் பல மணி நேரம் தசை இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். வெறும் வயிற்றில் மாத்திரையையும் போட்டுக்கொண்டு ஏறினால் இறங்கத்தான் செய்யும். நான் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து நடக்கிறேன். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கும்.

ஜவ்வரிசிக் கஞ்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேலத்தில் பிறந்து ஜவ்வரிசியைக் குறை சொன்னால் ஊரில் விட மாட்டார்கள். ஆனாலும் அது மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து மட்டுமே; புரதமும் நார்ச்சத்தும் அதில் ஏறக்குறைய இல்லை. தனியாகக் குடித்தால் வயிற்றில் நிற்காது. அதற்குப் பதிலாகக் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும், அல்லது பருப்பு நிறையப் போட்ட சாம்பாரோடு இட்லி, முட்டை சாப்பிடுபவரானால் ஒரு முட்டை என்று மாற்றிப் பாருங்கள். சாமை அரிசி உப்புமாவில் வறுத்த நிலக்கடலை சேர்த்தால் மதியம்வரை தாங்குகிறது.

இங்கே நிறையப் பேர் சிறுகுறிஞ்சான் பொடியும் பாகற்காய்ச் சாறும் எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் மாமனாரும் எடுக்கிறாரா என்று கேளுங்கள். அவையும் சர்க்கரையைக் குறைக்கக் கூடியவை. மாத்திரையோடு சேரும்போது இரட்டிப்பாகிவிடும். பலர் இதை மருத்துவரிடம் சொல்வதே இல்லை.

மறுமொழி: கன்னங்குறிச்சி வாசகி

இருவருக்கும் மிக்க நன்றி. வோக்லிபோஸ் பற்றிய செய்தியை எங்களுக்கு யாருமே சொன்னதில்லை. குளுக்கோஸ் பொடியை இன்றே மேலே அனுப்பிவிட்டோம். சிறுகுறிஞ்சான் பொடியைப் பற்றிக் கேட்டதில், மாமியார் மோரில் கலந்து கொடுத்து வருவதாகச் சொன்னார்.

இன்னும் மூன்று ஐயங்கள் உண்டு. அவருடைய மருத்துவரைப் பார்க்க அடுத்த வாரம்தான் நேரம் கிடைத்திருக்கிறது. அதுவரை மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கலாமா? புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பூசை முடியும்வரை அவர் எதுவும் உண்ண மாட்டார். அதை எப்படிச் சமாளிப்பது? மருத்துவரைப் பார்க்க அவரே ஸ்கூட்டரில் மலை இறங்கி வருவதாகச் சொல்கிறார், விடலாமா?

பதில்: பொது மருத்துவர், சேலம்

வணக்கம். நேரில் பார்க்காத ஒருவருக்கு மாத்திரை அளவை இங்கே எழுதித் தருவது முறையாகாது. ஆனால் அடுத்த வாரம்வரை காத்திருப்பதும் தவறு. 58 என்ற அளவும் திரும்பத் திரும்ப வரும் வியர்வையும், உங்கள் மருத்துவரை இன்றே தொலைபேசியில் அழைப்பதற்குப் போதுமான காரணங்கள். 70க்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும். 54க்குக் கீழே போனால் மூளையின் செயல்பாடே தடுமாறத் தொடங்கும். அவர் அந்த எல்லைக்கு வெகு அருகில் நிற்கிறார். மூன்று மருந்துகள் சேர்ந்த மாத்திரையை நீங்களாக உடைக்க வேண்டாம். சில வகைகளில் மெட்ஃபார்மின் மெதுவாகக் கரைந்து வெளிப்படும்படி செய்யப்பட்டிருக்கும். உடைத்தால் அந்த அமைப்பு கெட்டுவிடும். மாத்திரையை மாற்ற வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்தால், கிளைமெபிரைடு குறைந்த அளவில் உள்ள வேறொன்றையோ, அது இல்லாத ஒன்றையோ எழுதித் தருவார்.

தினமும் இனிப்பு என்ற யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். தேவைக்கு மேல் மருந்தைக் கொடுத்துவிட்டு, அந்த மருந்துக்கு ஈடாக மனிதரைச் சாப்பிட வைப்பது தலைகீழான வைத்தியம். இதில் சந்தேகத்துக்குரிய மருந்து கிளைமெபிரைடு. இரத்தத்தில் சர்க்கரை இருக்கிறதோ இல்லையோ, கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லித் தூண்டும் வகையைச் சேர்ந்தது அது. கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு ஆகியவையும் அதே குடும்பம்தான். மெட்ஃபார்மினோ வோக்லிபோஸோ தனியாக இருந்தால் சர்க்கரையை இந்த அளவுக்கு இறக்குவது அரிது. கிளைமெபிரைடை அன்றைய முதல் முக்கிய உணவை ஒட்டியே எடுக்க வேண்டும். ஆறரை மணி மாத்திரையும் ஒன்பது மணி உணவும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. சாப்பாட்டை ஏழரை மணிக்குக் கொண்டுவந்து மாத்திரையை அதோடு சேர்த்துக்கொள்வதும், நடையைச் சாப்பிட்ட பின் வைத்துக்கொள்வதும் நாளையே தொடங்கக்கூடியவை. சிறுகுறிஞ்சான் பொடியை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்; அதை எவ்வளவு நாளாக எடுக்கிறார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அவர் பெருமைப்படும் 6.2 எனக்கு மகிழ்ச்சி தரவில்லை. மூன்று மாதச் சராசரி என்பது ஏற்றத்தையும் இறக்கத்தையும் கூட்டிக் கழித்து வரும் எண். அடிக்கடி இறங்குபவருக்கும் அது அழகாகத்தான் வரும். எழுபதை நெருங்கும் ஒருவர், தாழ்சர்க்கரை வரக்கூடிய மாத்திரையும் எடுக்கும்போது, 7க்கும் 8க்கும் இடையே இருந்தாலே போதும் என்று பல நேரங்களில் நாங்கள் முடிவு செய்கிறோம். இதய நோய், சிறுநீரகக் குறைபாடு, தனிமையில் வசிப்பது ஆகியவை இருந்தால் இன்னும் தளர்த்துவோம். 6.2ஐக் காப்பாற்றுவதற்காக ஒருவர் தோட்டத்து மேட்டில் தனியாக மயங்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதில் எந்த லாபமும் இல்லை.

புதிதாக இப்போது ஏன் இறங்குகிறது என்பதுதான் நீங்கள் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அதே மாத்திரை, அதே நடை என்று நெடுநாள் ஓடிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென இறங்கினால் நான் முதலில் பார்ப்பது சிறுநீரகத்தை. வயதோடு சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறையும்போது, இன்சுலினும் இந்த வகை மாத்திரைகளும் உடலில் கூடுதல் நேரம் தங்கிவிடுகின்றன. கிரியாட்டினின் பரிசோதனையும், அதிலிருந்து கணக்கிடப்படும் வடிகட்டும் திறனும் அவசியம். அத்திறன் 30க்குக் கீழே இறங்கியிருந்தால் மெட்ஃபார்மினையும் நிறுத்த வேண்டிவரும். உடல் எடை குறைந்திருக்கிறதா, பசி குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். காய்ச்சலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ அண்மையில் லெவோஃப்ளாக்ஸசின், சிப்ரோஃப்ளாக்ஸசின், கோட்ரைமாக்சசோல் போன்ற மருந்து எடுத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். கிளைமெபிரைடோடு சேரும்போது இவை சர்க்கரையை இறக்கக் கூடியவை.

எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், சீட்டை மட்டுமல்ல. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, நல்ல திட்டம்தான். ஆனால் வெளியில் தனியார் மருத்துவரிடமும் பார்ப்பவர்கள், ஒரே வகை மருந்தை இரு பெயர்களில், இரு இடங்களிலிருந்தும் வாங்கி விழுங்கிவிடக்கூடும். இரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்றவை எடுக்கிறாரா என்பதும் அந்தப் பையைப் பார்த்தால் தெரியும். இவை படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வை மட்டுமே எச்சரிக்கையாக மிஞ்சும். மருந்து ஒருபுறம் இருக்க, அடிக்கடி சர்க்கரை இறங்கினாலே உடல் எச்சரிப்பதைக் குறைத்துக்கொள்ளும். சில வாரங்கள் இறங்காமல் பார்த்துக்கொண்டால் அந்த உணர்வு பெரும்பாலும் திரும்பி வரும். அதனால்தான் இதைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறேன்.

இரவிலும் மாத்திரை இருப்பதால், கெட்ட கனவு, விடியலில் தலைவலி, நனைந்த தலையணை ஆகியவை உண்டா என்று மாமியாரிடம் கேளுங்கள். ஐயம் இருந்தால் இரண்டு மூன்று இரவுகளில் அதிகாலை மூன்று மணிக்கு ஒரு முறை அளந்து குறித்துக்கொண்டு வரலாம்.

புரட்டாசி விரதத்தைப் பொறுத்தவரை, உணவு இல்லாத வேளையில் கிளைமெபிரைடு கூடாது என்பதே அடிப்படை. மருந்து மாற்றி அமைக்கப்பட்டு, சில வாரங்கள் அளவுகள் நிலையாக இருக்கும்வரை அவர் விரதம் இருக்காமல் இருப்பது நல்லது. பிறகு, எந்தச் சனிக்கிழமை எந்த மாத்திரையை எப்போது எடுப்பது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளலாம். விரத நாளில் 70க்குக் கீழே இறங்கினால் அந்த நிமிடமே குளுக்கோஸ் எடுத்துக்கொள்ள வேண்டும்; பூசை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஸ்கூட்டரில் விடாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை அது. ஓட்டுவதற்கு முன் அளவு 90க்கு மேல் இருக்க வேண்டும். இறங்கி மீண்டவர்கள், அளவு சீரான பிறகும் 45 நிமிடமாவது ஓட்டாமல் இருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. இப்படித் திரும்பத் திரும்ப இறங்குபவர் மருந்து சரிசெய்யப்படும்வரை வண்டியைத் தொடாமல் இருப்பதே சரி. பேருந்தில் வரட்டும், துணைக்கு ஒருவரோடு.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டை வாசகி

இதே இழையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு வயது 31, சர்க்கரை நோய் கிடையாது. வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் தேநீர் மட்டும் குடித்துவிட்டு வருவேன். மதியம் சோறு வயிறாரச் சாப்பிட்ட பின் மூன்று மணி நேரத்தில் கை நடுங்கிக் கண் இருட்டுகிறது. எனக்கும் லோ சுகர்தானா? எப்போதும் மிட்டாய் வைத்திருக்கச் சொல்கிறார்கள்.

பதில்: பொது மருத்துவர், சேலம்

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மருந்து எடுக்காத ஒருவருக்குத் தாழ்சர்க்கரை என்று சொல்ல மூன்றும் ஒருசேர அமைய வேண்டும்: அறிகுறி இருக்க வேண்டும், அதே நேரத்தில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 55க்குக் கீழே இருக்க வேண்டும், சர்க்கரை ஏறியதும் அறிகுறி மறைய வேண்டும். விப்பிள் என்ற அறுவை மருத்துவரின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. நடுக்கத்தோடு வருபவர்கள் பலருக்கு அந்த நேரத்தில் அளந்தால் 80, 90 என்று இயல்பாகவே இருக்கும். இரத்தச் சோகை, தைராய்டு, தூக்கமின்மை, மனப்பதற்றம் என்று வேறு காரணங்கள் கிடைக்கும். ஆகவே அடுத்த முறை நடுங்கும்போது, மிட்டாயை வாயில் போடுவதற்கு முன் ஒரு முறை அளந்து எழுதி வையுங்கள். வீட்டுக் கருவி காட்டும் எண் ஒரு குறிப்புதான். குறைவாக இருந்தால் ஆய்வகத்தில் உறுதி செய்ய வேண்டும்.

உணவுக்குப் பின் நான்கு மணி நேரத்துக்குள் வரும் இறக்கமானால், பெரும்பாலும் உணவு முறையிலேயே சரியாகும். காலை உணவைத் தவிர்க்காதீர்கள். மதியம் சோற்றைக் குறைத்து, பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன், காய்கறி ஆகியவற்றைக் கூட்டுங்கள். நான்கு மணிக்கு ஒரு கைப்பிடி நிலக்கடலையோ சுண்டலோ போதும். மாலையில் தட்டுவடை செட் சாப்பிடுவதானால் அதில் காரட்டும் பீட்ரூட்டும் கூடுதலாக வைக்கச் சொல்லுங்கள். மிட்டாயை நம்பியிருந்தால் ஏறி இறங்கும் ஆட்டம் தொடரும்.

ஆனால் வெறும் வயிற்றிலோ விடியற்காலையிலோ இறங்கினாலும், நினைவு தவறினாலும், அடிக்கடி சாப்பிட வேண்டியிருந்து எடை கூடிக்கொண்டே போனாலும், அல்லது எடை குறைந்து தோல் கறுத்து இரத்த அழுத்தமும் தாழ்ந்திருந்தாலும் உணவு மாற்றத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கட்டி, அட்ரினல் சுரப்பிக் குறைபாடு போன்ற அரிய காரணங்களை விலக்க வேண்டும். அதற்கு உள்சுரப்பியியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வீட்டில் யாருடைய சர்க்கரை மாத்திரையாவது உங்கள் மாத்திரைகளோடு கலந்து வைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அப்படி மாறிப்போய் விழுங்கியவர்களையும் நாங்கள் பார்க்கிறோம்.